குடும்பத்துக்கு நாலு லட்சம் கடனாம், என் எஃப்டி என்ன ஆகும்?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 64, கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்த்ததால் பழைய முறைப்படி மாதப் பென்ஷன் வருகிறது. சேமிப்பு மொத்தம் 31 லட்சம்: 16 லட்சம் ஒரு தேசிய வங்கியில், 9 லட்சம் ஊரிலுள்ள ஒரு கூட்டுறவு வங்கியில் ஒரே ரசீதாக, 6 லட்சம் தபால் ஆபீஸில். கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் தினமும் எதையாவது அனுப்புகிறார். "அரசாங்கம் திவாலாகப் போகிறது, பட்ஜெட்டில் பற்றாக்குறை மட்டும் 15 லட்சம் கோடி, இலங்கை மாதிரி ஆகிவிடும், எஃப்டியை உடைத்துத் தங்கம் வாங்கிவிடு" என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கிரிப்டோவில் டாலராக மாற்றித் தருவதாகவும் சொல்கிறாராம். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் மகனோ, "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, அரசாங்கம் நோட்டு அடித்துக்கொள்ளும்" என்று போனை வைத்துவிடுகிறார். இரண்டுக்கும் நடுவில் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "நான் யாரிடமும் ஒரு ரூபாய் கைமாற்று வாங்கியதில்லை. குடும்பத்துக்கு நாலு லட்சம் கடன் என்கிறார்களே, அது எப்போது என் தலையில் விழும்?"

அம்மா, முதலில் அந்த நாலு லட்சத்தைப் பார்த்துவிடுவோம். கணக்கு பொய்யில்லை. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டின்படி 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி ரூபாய். ரேஷன் அட்டைகள் 2 கோடியே 20 லட்சத்துக்குக் குறையாது. வகுத்தால் நாலு லட்சத்துச் சொச்சம் வரும். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது, அன்றைக்குக் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். நாமக்கல்லில் ஒருவர் தன் வீட்டுப் பங்கு என்று அந்தத் தொகைக்குக் காசோலை எழுதி எடுத்துக்கொண்டு போனார், அதிகாரிகள் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கடன் அவர் பெயரில் இல்லை, உங்கள் பெயரிலும் இல்லை. யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள், வீட்டை ஜப்தி செய்ய மாட்டார்கள். கடன் வாங்கியது அரசு. வரியிலிருந்து வட்டி கட்டும், பழைய கடன் முதிரும்போது பெரும்பாலும் புதுக் கடன் வாங்கி அதை அடைக்கும், ஐம்பது அறுபது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. குடும்பத் தலைவருக்கு ஆயுள் உண்டு, அதற்குள் அடைத்தாக வேண்டும். அரசுக்கு அந்த நெருக்கடி இல்லை.

கடன் கொடுத்தது யார்?

இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொதுவாக வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மத்திய அரசின் கடன் பத்திரங்களையும், செவ்வாய்க்கிழமை மாநிலங்களின் பத்திரங்களையும் ரிசர்வ் வங்கி ஏலம் விடுகிறது. ஏலத்தில் எடுப்பவர்கள் யார் என்றால் வங்கிகள், எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், பிஎஃப் நிதிகள். வங்கியில் சேரும் டெபாசிட்டில் நூற்றுக்கு 18 ரூபாயைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட அரசுப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் தபால் ஆபீஸ் பணம் தேசிய சிறுசேமிப்பு நிதி வழியாக நேராக அரசுக்கே போகிறது. உங்கள் கணவர் கட்டிய எல்ஐசி பிரீமியத்திலும் ஒரு பங்கு அப்படித்தான் போயிருக்கும்.

ஆக, நாலு லட்சம் கடன்பட்டவர் என்று உங்களைப் பயமுறுத்துகிறார்களே, நீங்கள் அந்த அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். ஆறு லட்சம் நேராக, மற்றதில் ஒரு பகுதி வங்கி வழியாக. கேள்வி இப்போது மாறுகிறது பாருங்கள். "கடன் எப்போது என் தலையில் விழும்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நான் கொடுத்த பணம் மதிப்புக் குறையாமல் திரும்பி வருமா" என்று கேட்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கு ஆபத்து இரண்டு வழியில் வரும். ஒன்று, வாங்கியவர் கையை விரிப்பது. மற்றது, நூறு ரூபாயைத் திருப்பித் தருவார், ஆனால் அதற்குள் அந்த நூறு ரூபாய்க்கு அரைக் கிலோ பருப்புகூட வராது. சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் நாடுகளில் முதலாவது அரிது. இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும்.

மகன் சொல்வதில் பாதி சரி

இந்திய அரசின் கடனில் நூற்றுக்கு ஐந்தாறு ரூபாய்தான் வெளிநாட்டுக் கடன், மற்றதெல்லாம் ரூபாயில் வாங்கியது. ரூபாய் இல்லாமல் போய்விட்டது என்று டெல்லி ஒருநாளும் கையை விரிக்க வேண்டியதில்லை. ஜப்பான் அரசின் கடன் அந்த நாட்டு மொத்த உற்பத்தியில் 200 சதவீதத்துக்கு மேல். ஆனாலும் அது தன் மக்களிடம் தன் நாணயத்திலேயே வாங்கியது, அதனால் கவிழவில்லை. இதுவரை உங்கள் மகன் சொல்வது சரி.

ஆனால் "நோட்டு அடித்துக்கொள்ளும்" என்பது அவர் நினைக்கிற அளவு சுலபம் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, டெல்லிக்குப் பணம் குறைந்தால் ரிசர்வ் வங்கி தானாகவே குறுகியகாலப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்துவிடும். 1997 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம், 2006-லிருந்து ரிசர்வ் வங்கி அரசிடம் நேரடியாகப் பத்திரம் வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது, நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்புறம், தமிழ்நாடு அரசுக்கு நோட்டு என்ற பேச்சே கிடையாது. மாநிலம் கடன் வாங்குவதற்கே மத்திய அரசின் சம்மதம் வேண்டும், அரசியல் சாசனத்தின் 293-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று மாநில உற்பத்தியில் 3 சதவீதத்தை ஒட்டி ஒரு வரம்பும் போட்டிருக்கிறார்கள்.

இலங்கை மாதிரி ஆகுமா?

கொழுந்தனாரின் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன், அங்கே பென்ஷன்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரே வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்தது. மாதப் பென்ஷன் அந்த அளவுக்கு ஏறவில்லை, வாங்கிய அரிசிதான் குறைந்தது. நான் மேலே சொன்ன இரண்டாவது ஆபத்து என்பது இதுதான்.

ஆனால் அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள். 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8-ஆகக் குறைத்தார்கள், வருமானம் சரிந்தது. உடனே கொரோனா வந்து சுற்றுலா நின்றது. வெளிநாட்டுச் சந்தையில் டாலரில் விற்ற பத்திரங்களுக்குத் தவணை வந்தபோது டாலர் இல்லை, எரிபொருளுக்கும் மருந்துக்கும்கூட இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அங்கே நாட்டின் கழுத்தைப் பிடித்தது டாலர் கடன். பற்றாக்குறை அதற்கு வழி திறந்துவிட்டது. இந்தியாவிடம் அந்நியச் செலாவணி 600 பில்லியன் டாலருக்கு மேல் இருக்கிறது.

அதற்காக நமக்கு அப்படி வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நானே பார்த்திருக்கிறேன். 1991 ஜூலையில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுண்ட்டரில் இருந்தேன். 1980-கள் முழுக்கப் பெரிய பெரிய பற்றாக்குறை, 1990-91-ல் அது மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அதோடு வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியதில் கையிலிருந்த டாலர் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூடக் காணாது என்ற நிலை வந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு வைத்த செய்தி பேப்பரில் வந்த வாரம், பேத்தியின் காதுகுத்துக்காக ஒரு சங்கிலியை மீட்க வந்த பாட்டி, நான் கொடுத்த சீட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, "நான் மீட்டுட்டேன் தம்பி, நாட்டோடத யாரு மீட்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் கடன் அடைந்தது, ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. பற்றாக்குறை பத்து வருடம் சத்தமே இல்லாமல் இருக்கும். வெளியிலிருந்து ஒரு அடி விழும்போதுதான் தாங்குவதற்குத் தெம்பு இல்லை என்பது தெரியும்.

அப்படியானால் அவசரமா, இல்லையா?

இந்த மாதமோ இந்த வருடமோ பயந்து ஓட வேண்டிய அவசரம் இல்லை. 15 லட்சம் கோடி என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி, அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.4 சதவீதம். கொரோனா வருடமான 2020-21-ல் அது 9.2 சதவீதம். அன்றைக்கு அரசு "வருமானம் குறைந்துவிட்டது, செலவைச் சுருக்குகிறேன்" என்று குடும்பக் கணக்குப் பார்த்திருந்தால் ரேஷனில் இலவச அரிசி, கோதுமை வந்திருக்காது, நாடு இன்னும் ஆழமாக விழுந்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கும்போது யாராவது ஒருவர் செலவு செய்தாக வேண்டும், அரசைத் தவிர வேறு யாரால் முடியும்? அதனால் பற்றாக்குறை என்றாலே தவறு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் எதற்காகக் கடன் என்று கேட்டே ஆக வேண்டும், இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம். நீங்கள் வீடு கட்டக் கடன் வாங்குவதும், மாதச் சாமானுக்குக் கடன் வாங்குவதும் ஒன்றா? சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய் வேலை. அதற்குக் கடன் வாங்கினால் நாற்பது வருடம் ஜனங்கள் அதில் போய் வருவார்கள், பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து கட்டுவது நியாயம். வருவாய் பற்றாக்குறை அப்படியில்லை. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் கடன் வாங்குவதுதான் அது. 2012-13-ல் தமிழ்நாட்டில் வருவாய் கணக்கு உபரியில் இருந்தது. அதற்குப் பிறகு வருடாவருடம் பற்றாக்குறைதான், 2025-26 பட்ஜெட்டில் 41,635 கோடி. எந்தக் கட்சி ஆட்சி என்ற பேதம் இதில் இல்லை.

வட்டியைப் பாருங்கள். 2025-26 பட்ஜெட் கணக்குப்படி தமிழ்நாடு அரசுக்கு வரும் நூறு ரூபாயில் சுமார் 21 ரூபாய் வட்டிக்கே போகிறது. மத்திய அரசில் அது 37 ரூபாய், வட்டி மட்டும் வருடத்துக்கு 12.76 லட்சம் கோடி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாய்க்கால் தூர்வாருவது எல்லாம் மீதியில்தான். அந்த வட்டியை வாங்குவது யார்? நீங்கள், நான், டெபாசிட் போடுமளவு கையில் மிஞ்சுகிறவர்கள். கட்டுவது யார்? உங்கள் தெருவில் கூடையில் கீரை விற்கிற அம்மாவும் ஷாம்பு பாக்கெட் வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டுகிறார், அவரிடம் எஃப்டி ரசீது ஒன்றுகூட இருக்காது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாக வகுத்துக் காட்டுகிற அந்த வாட்ஸ்அப் கணக்கில் இது தெரிவதே இல்லை. எஃப்டியை உடைப்பதால் இது மாறாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் "எதற்குக் கடன், எப்போது வருவாய் பற்றாக்குறை நிற்கும்" என்று கேட்டால்தான் மாறும். நீங்கள் முப்பது வருடம் பாடம் நடத்தியவர், உங்களால் கேட்க முடியும்.

உங்கள் பென்ஷன்

நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பென்ஷன் அரசு போடும் பிச்சை இல்லை, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலேயே சொல்லிவிட்டது. பிற்பாடு வந்த தீர்ப்புகளும் அதையே உறுதி செய்தன. ஒரு அரசாணையைப் போட்டு அதை நிறுத்திவிட முடியாது.

கிரீஸில் 2010-க்குப் பிறகு பென்ஷனையே வெட்டினார்கள் என்று யாராவது அனுப்பியிருப்பார்கள். அது உண்மைதான். கிரீஸும் தமிழ்நாடு மாதிரியே சொந்தமாக நோட்டு அடிக்க முடியாத நிலையில் இருந்தது, யூரோ அதன் கையில் இல்லை. ஆனால் அதன் கடன் உற்பத்தியில் 120 சதவீதத்துக்கு மேல், தமிழ்நாட்டின் கடன் மாநில உற்பத்தியில் 26 சதவீதம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை.

உங்களுக்கு வரக்கூடிய அடி எது என்பது உங்களுக்கே தெரியும், ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியிருக்கிறீர்கள். 2020-ல் அகவிலைப்படி 17 சதவீதத்தில் நின்றதே, 2022 ஜனவரியில்தான் 31 ஆனது, நடுவில் போனதற்கு நிலுவையும் கிடையாது. அரசுக்குப் பணம் இறுகும்போது பென்ஷன் நிற்காது, அகவிலைப்படி தள்ளிப்போகும், மருத்துவச் செலவுத் தொகை தாமதமாகும். அதற்கு ஆறு மாதச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கும்படி சேமிப்புக் கணக்கிலோ சின்ன எஃப்டியிலோ வைத்திருந்தால் போதும்.

31 லட்சத்தை என்ன செய்யலாம்?

தங்கம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லாவற்றையும் அதில் போடுவது ஆபத்து. நகையாக வாங்கினால் சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி என்று வாங்கிய அன்றைக்கே ஒரு பங்கு போய்விடும். எஃப்டியை முன்கூட்டி உடைப்பதற்கு வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள். தங்கம் மாதாமாதம் வட்டியும் தராது, தனியாக இருக்கும் வீட்டில் அதை வைத்துக்கொண்டு நீங்கள் இப்போதைவிடக் குறைவாகத்தான் தூங்குவீர்கள். ஏற்கெனவே இருக்கும் நகையோடு சேர்த்து மொத்தச் சேமிப்பில் பத்து, பதினைந்து சதவீதம் தங்கமாக இருந்தால் போதும்.

கிரிப்டோ டாலர் விஷயத்தில் ஒரே வார்த்தை: வேண்டாம். லாபத்தில் 30 சதவீத வரி, நஷ்டத்தைக் கழிக்க முடியாது, ஏமாற்றினால் புகார் கொடுத்துப் பணத்தை மீட்பது மிகக் கடினம். உங்கள் பயத்தை வைத்து யாரோ கமிஷன் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்தக் கூட்டுறவு வங்கி ரசீது. டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான், அசலும் வட்டியும் சேர்த்து, எத்தனை கிளையில் பிரித்துப் போட்டிருந்தாலும் சரி. உங்கள் 9 லட்சத்தில், வட்டியையும் சேர்த்தால், நாலு லட்சத்துக்கும் கூடுதலான பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது முதலில் ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கவிட்டார்கள். அதற்கும் பட்ஜெட் பற்றாக்குறைக்கும் சம்பந்தமே இல்லை, ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு அள்ளிக் கடன் கொடுத்ததால் வந்தது. உங்கள் ஊர் வங்கி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ரசீதை எடுத்து அது ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கியா அல்லது கடன் சங்கமா, நிதி நிறுவனமா என்று பாருங்கள். பின்னவை இரண்டுக்கும் அந்த 5 லட்சக் காப்பீடுகூடக் கிடையாது.

ஐப்பசியில் அது முதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது உடைக்க வேண்டாம், ஆனால் தானாகப் புதுப்பிக்கும்படி போட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். முதிர்ந்ததும் வட்டியோடு சேர்ந்தும் 5 லட்சத்தைத் தாண்டாதபடி நாலு, நாலரை லட்சத்தை அங்கேயே விட்டுவிட்டு மீதியைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 சதவீதம் தருகிறார்கள், ஐந்து வருடத்துக்கு அந்த விகிதம் மாறாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும், போடும் நாளில் விகிதம் என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவும் அரசுக்கு நீங்கள் கொடுக்கும் கடன்தான், அதைத் தெரிந்தே சொல்கிறேன்.

இன்னொன்று. கணவர் இறந்து ஆறு வருடம் என்கிறீர்கள், ரசீதுகளில் நாமினி யார் என்று எங்கேயும் எழுதவில்லை. இன்னும் அவர் பெயரே இருந்தால் மூன்று இடத்திலும் நாமினி மாற்றும் படிவம் வாங்கி மகன் பெயரை எழுதிக் கொடுங்கள். ஆதாரும் பாஸ்புக்கும் கையில் இருந்தால் ஒரு காலை நேரத்து வேலைதான்.